அண்ணன் தரும் பழைய 1டி எக்ஸா, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் புது ஆர்8-ஆ?

கொளத்தூரிலிருந்து 27 வயதுப் பெண் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வார நாட்களில் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. சனி, ஞாயிறிலும் முகூர்த்த நாட்களிலும் ஒரு ஸ்டுடியோ அண்ணனுடன் கல்யாணங்களுக்குப் போய் இரண்டாவது கேமரா பிடிக்கிறார். நான்கு வருஷமாக இப்படி. போன வருஷத்திலிருந்து காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, முதல் பிறந்தநாள் என்று தனியாகவும் வேலை வருகிறது. மாதத்துக்குச் சராசரியாக மூன்று. ஒன்றுக்கு 7,000 ரூபாய் வாங்குகிறார். கையில் இருப்பது கேனன் 1300டி, அதனுடன் வந்த 18-55 லென்ஸ், அப்புறம் ஒரு 50 எம்எம் எஃப் 1.8. சேமிப்பு 70,000 ரூபாய்.

இப்போது இரண்டு வழிகள் அவர் முன்னால் நிற்கின்றன. ஸ்டுடியோ அண்ணன் தன்னுடைய பழைய கேனன் 1டி எக்ஸ் பாடியை (லென்ஸ் இல்லாமல் கேமராவை மட்டும்) 65,000-க்குத் தருகிறேன் என்கிறார். "ரெண்டு லட்சம்தான் ஓடியிருக்கு, இன்னும் ரெண்டு லட்சம் ஓடும். இதைத் தோள்ல மாட்டிட்டு மண்டபத்துக்குள்ள போனாலே ஒரு மரியாதை" என்றாராம். லட்சம் என்று அவர் சொல்வது ஷட்டர் ஓடிய எண்ணிக்கையை. இன்னொரு பக்கம், மவுண்ட் ரோடு கடை ஒன்றில் கேனன் ஆர்8 பாடி 1,20,000 என்று விலை சொல்லியிருக்கிறார்கள். குறைகிற பணத்துக்கு அம்மா தன் சங்கிலியைக் கழற்றித் தரத் தயாராக இருக்கிறார். ஆடி முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்லி அண்ணன் கேட்டிருக்கிறார். "ப்ரோ கேமராதான் ப்ரோ கேமரா என்கிறார்கள். ஆனால் 18 மெகாபிக்சல் ஆல்பத்துக்குப் போதுமா? புதுசு வாங்கினால் பிளாஸ்டிக் பாடி எத்தனை நாள் தாங்கும்? அண்ணனிடம் வேண்டாம் என்று சொன்னால் வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிடுவாரோ?" இவைதான் அவருடைய கேள்விகள்.

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் கேமராவைப் பற்றிய வரிகளைவிட அம்மாவின் சங்கிலியைப் பற்றிய இரண்டு வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். 26 வருஷமாக இதே சென்னையில் கல்யாண வேலை பார்க்கிறவன் நான். ஃபிலிமில் ஆரம்பித்து, டிஜிட்டலுக்கு மாறி, இப்போது ஆர்8 மாதிரி உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் நிற்கிறேன். 1டி எக்ஸை நானும் ஐந்து வருஷம் தூக்கியிருக்கிறேன். அதன் மேல் எனக்கு இன்றும் பிரியம் உண்டு. அதனால் அதைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

18 மெகாபிக்சல் பயத்தை முதலில் விடுங்கள்

உங்கள் 1300டி-யும் 18 மெகாபிக்சல்தான், 1டி எக்ஸும் 18 மெகாபிக்சல்தான். இரண்டிலும் ஒரே மண்டபத்தில், மங்கலான வெளிச்சத்துக்காக உணர்திறனைக் கூட்டி ஐஎஸ்ஓ 3200-இல் படம் எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தால், எண் ஒன்றாக இருந்தும் படம் ஏன் வேறாக இருக்கிறது என்று உடனே புரிந்துவிடும். 1டி எக்ஸின் சென்சார் பரப்பில் உங்களுடையதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல் பெரியது. அதே வெளிச்சத்தில் அதற்கு அதிகம் கிடைக்கிறது. முகத்தில் புள்ளிபுள்ளியாக விழும் அந்த மணல் குறைகிறது, பட்டுப்புடவையின் அரக்கு நிறம் அரக்காகவே நிற்கிறது.

ஆல்பக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். நாம் வழக்கமாகக் கொடுப்பது 12-க்கு 36 ஆல்பம். விரித்தால் 36 அங்குலம், ஒரு பக்கம் 18 அங்குலம். 1டி எக்ஸ் படத்தின் அகலம் 5,184 புள்ளிகள். ஒரு பக்கம் முழுக்கப் போட்டால் அங்குலத்துக்கு 288 புள்ளிகள் வரும். ஆர்8-இன் அகலம் 6,000, அதில் 333. லேப்காரர்கள் கேட்பது 300. இந்த வித்தியாசத்தை எந்த மாமியாராலும் கண்டுபிடிக்க முடியாது. 24 மெகாபிக்சல் என்பதற்காக ஆர்8-ஐ வாங்க வேண்டியதில்லை. அதை வாங்க வேறு காரணங்கள் இருக்கின்றன.

அண்ணன் சொன்ன 65,000-த்தில் முடியாது

நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. உங்கள் 18-55 லென்ஸ் 1டி எக்ஸில் மாட்டவே மாட்டாது. அது சிறிய சென்சார் பாடிகளுக்காகச் செய்தது. 1டி எக்ஸ் மாதிரி பெரிய சென்சார் உள்ள முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) பாடியின் வாயில் பொருந்தாது. ஆக, அண்ணன் கையிலிருந்து பாடியை வாங்கிய அன்று உங்களிடம் இருக்கும் லென்ஸ் 50 எம்எம் ஒன்றுதான். காதுகுத்து நடக்கிற கோயில் மண்டபத்தில் தாய்மாமன் மடியில் குழந்தை, சுற்றி இருபது பேர். அதை 50-இல் அடக்க நீங்கள் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் தூண் இருக்கும்.

அடுத்தது கார்டு. 1டி எக்ஸுக்கு இரண்டு சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ் எனும் பழைய வகை) கார்டு வேண்டும். உங்களிடம் இருக்கும் எஸ்டி கார்டுகள் ஆகாது. சிஎஃப் கார்டு இன்று எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் எஸ்டியை விட விலை அதிகம். கார்டு ரீடரும் தனியாக வாங்க வேண்டும். அண்ணன் தரும் பேட்டரி எத்தனை வருஷப் பழசோ தெரியாது. கம்பெனி பேட்டரி ஒன்று புதிதாக வாங்கப் போனால் விலை உங்களைத் திகைக்க வைக்கும். இவற்றோடு ஒரு ஓரளவு அகலமான லென்ஸையும் சேர்த்தால் 65,000 என்பது எளிதாக ஒரு லட்சத்தைத் தொடும். உங்கள் சேமிப்பு அங்கேயே தீர்ந்துபோய் கடனும் வந்துவிடும்.

ஆர்8 பக்கமும் இதே மாதிரி மறைந்த செலவு உண்டு. உங்கள் பழைய லென்ஸ்கள் அதில் நேராக ஏறாது, அடாப்டர் வேண்டும். அடாப்டர் போட்டால் 50 எம்எம் அருமையாக வேலை செய்யும். 18-55-உம் ஏறும், ஆனால் படம் நடுவில் வெட்டப்பட்டு 9 மெகாபிக்சல் சொச்சமாகக் குறைந்துவிடும். வாட்ஸ்அப்புக்குச் சரி, ஆல்பத்துக்குச் சரியில்லை. பேட்டரியும் சின்னது. திரையைப் பார்த்து எடுத்தால் ஒரு சார்ஜுக்கு 290 படம் என்பது கம்பெனியின் கணக்கு, கண்ணை வைத்துப் பார்த்து எடுத்தால் அதைவிடக் குறைவு. 1டி எக்ஸ் ஒரு சார்ஜில் ஆயிரத்துக்கு மேல் எடுக்கும். ஒரு முகூர்த்தத்துக்கு ஆர்8-உடன் போகிறவர் பையில் நான்கு பேட்டரியாவது இருக்க வேண்டும்.

கெட்டிமேளம் கொட்டும் அந்த அரை நிமிஷம்

உங்கள் வேலையை வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும் என்பதால் மண்டபத்துக்குள் போவோம்.

காலை ஐந்தே முக்கால். ஐயர் கையைத் தூக்கிச் சுழற்றுகிறார், "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்ற சத்தம், நாதஸ்வரமும் தவிலும் ஒன்றாக ஏறுகின்றன. ஹோமப் புகை முகத்துக்கு முன்னால். அட்சதை லென்ஸில் வந்து விழுகிறது. மணமகளின் முகம் குனிந்திருக்கிறது, மாப்பிள்ளையின் கை குறுக்கே. பின்னால் நாத்தனார் மூன்றாவது முடிச்சுக்குக் குனிந்து வருகிறார். முன்னால் யாரோ ஒரு சித்தப்பா போனைத் தூக்கிப் பிடிக்கிறார்.

1டி எக்ஸின் 61 ஃபோகஸ் புள்ளிகளும் சட்டகத்தின் நடுவில் கூட்டமாக இருக்கின்றன. மணமகள் கண் ஓரத்தில் இருந்தால், நடுப்புள்ளியில் பிடித்து, கேமராவைத் திருப்பி, அப்புறம் அழுத்த வேண்டும். லென்ஸை அகலத் திறந்து எஃப் 1.8-இல் எடுக்கும்போது அந்தத் திருப்பலிலேயே ஃபோகஸ் கண்ணிலிருந்து காதுக்குப் போய்விடும். பத்து வருஷம் இதையே செய்த கை அதற்குத் தக்கபடி பழகிக்கொள்ளும். அண்ணனின் கை அப்படிப்பட்டது. ஆர்8 சட்டகம் முழுவதும் ஃபோகஸ் செய்யும், கண்ணைத் தானே கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும். நீங்கள் படத்தின் அமைப்பை மட்டும் பார்த்தால் போதும். அதிலும் ஒரு தொல்லை உண்டு. கூட்டத்தில் அது சில சமயம் மணமகளை விட்டுவிட்டு முன்னால் நிற்கும் சித்தப்பாவின் கண்ணுக்குத் தாவிவிடும். யாரைப் பிடிக்க வேண்டும் என்று விரலால் சொல்லப் பழக ஒரு மாதம் ஆகும்.

அடுத்து வெளிச்சம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டப விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கின்றன. 1டி எக்ஸில் தொடர்ச்சியாக எடுத்தால் ஒரு படம் பளிச், அடுத்தது மங்கல், அதற்கடுத்தது மஞ்சள் என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆர்8-இல் இந்தத் துடிப்பைப் பார்த்து நேரம் பிடித்து எடுக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அதன் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை மண்டபத்தில் போட்டுவிடாதீர்கள். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

வீடியோவில்தான் இரண்டுக்கும் இடையே உண்மையான தூரம். "எல்லாரும் ரீல்ஸ் கேட்கிறார்கள், நான் போனில் எடுத்துத் தருகிறேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தின் முக்கியமான வரி அது. 1டி எக்ஸில் வீடியோ முழு எச்டி மட்டும். நகர்கிற ஆளை வீடியோவில் தொடர்ந்து ஃபோகஸில் வைத்திருக்கும் வசதி அதில் இல்லை. 2012-இல் விற்பனைக்கு வந்த பாடியிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆர்8 சட்டகத்தை வெட்டாமல் 4கே 60 (விநாடிக்கு 60 சட்டகம்) வரை எடுக்கும், குழந்தை ஓடினாலும் முகத்தை விடாது. ஏசி இல்லாத மண்டபத்தில் 4கே 60-ஐ நீளமாக ஓட்டினால் சூடாகி நின்றுவிடும். 25-இல் வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. தனி ஆளாகப் போய் படமும் ரீல்ஸும் இரண்டையும் கொடுக்க வேண்டிய உங்களுக்கு இது பெரிய விஷயம்.

எடையையும் சொல்ல வேண்டும். 1டி எக்ஸ் பேட்டரியோடு ஒன்றரைக் கிலோ. ஆர்8 அரைக் கிலோ கூட இல்லை, 461 கிராம். லென்ஸும் ஃபிளாஷும் இரண்டிலும் ஏறும். முந்தைய நாள் மாலை வரவேற்பிலிருந்து மறுநாள் காலை முகூர்த்தம் வரை கழுத்தில் தொங்கும்போது அந்த ஒரு கிலோவின் அருமை தெரியும். என் வலது தோள்பட்டைக்கு நான் இன்றும் பிசியோதெரபி போகிறேன். எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் என்று பயப்பட வேண்டாம். கேமராக்கள் மண்டபத்தில் உடைந்து சாவது குறைவு. நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துத்தான் அதிகம் கெட்டுப்போகின்றன. எந்தக் கேமரா வாங்கினாலும் காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி மூன்றையும் வாங்கிவிடுங்கள். தோல் பையில் வைத்து பீரோவில் பூட்டாதீர்கள். பெசன்ட் நகரிலோ மாமல்லபுரத்திலோ கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் அன்றிரவே ஈரம் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்துவிட்டுக் காயவைத்து உள்ளே வையுங்கள்.

ஆர்8-இல் எனக்குப் பிடிக்காத ஒன்று

அதில் கார்டு போட ஒரே இடம். இதை மட்டும் நான் மெல்லச் சொல்ல மாட்டேன்.

பல வருஷங்களுக்கு முன்னால், ஒரு கார்டு மட்டும் போடும் பாடியோடு நான் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மாங்கல்யதாரணம் முடிந்து, மெட்டி போடும்போது திரையில் பிழை என்று வந்தது. கார்டை எடுத்துத் துடைத்துப் போட்டேன். காலியாகக் காட்டியது. மீட்டெடுக்கும் கடையில் கொடுத்ததில் பாதிப் படங்கள் வந்தன. மூன்று முடிச்சும் அந்தப் பாதியில் இல்லை. பெண்ணின் அப்பா என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லை தம்பி" என்றார். திட்டியிருந்தால் தேவலை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அந்தக் காலைப் பொழுதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

1டி எக்ஸில் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியலாம். இந்த ஒரு விஷயத்தில் பழைய கேமரா புதியதைவிட மேல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆர்8-ஐ எடுத்தால் சில பழக்கங்களைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். பெரிய கார்டு ஒன்றுக்குப் பதிலாகச் சின்ன கார்டுகள் நான்கு; ஒவ்வொரு சடங்கும் முடிந்ததும் மாற்றிவிடுங்கள். எடுத்த கார்டு பையில் அல்ல, உங்கள் உடம்போடு இருக்கட்டும். முக்கியமான நேரத்தில் 1300டி-யை ஒரு உதவியாளர் கையில் கொடுத்து அகலமாக எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் சாப்பிடுவதற்கு முன்னால் இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள்.

மூன்றாவது வழி

நீங்கள் இரண்டில் ஒன்றைக் கேட்டீர்கள். நான் பார்த்த வரையில் உங்கள் வேலைக்கு மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: 2020-இல் வந்த கேனன் ஆர்6, செகண்ட் ஹேண்டில். 20 மெகாபிக்சல். இரண்டு எஸ்டி கார்டு போடலாம். பாடிக்குள்ளேயே அசைவைத் தாங்கும் வசதி இருக்கிறது, ஆர்8-இல் அது இல்லை. பேட்டரியும் பெரியது. கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸும் உண்டு. 4கே 60-இல் இதுவும் சூடாகும். அடுத்த மாடல்கள் வந்துவிட்டதால் பலர் இதைக் கைமாற்றுகிறார்கள். நல்ல நிலையில் ஒன்று புது ஆர்8-ஐவிடக் குறைவாக அமையக்கூடும். அவசரப்படாமல் தேடுங்கள்.

அதற்கு முன்னால், எதையும் வாங்காமல் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமாக்காரர்களை நம்பி நடக்கும் வாடகைக் கடைகள் இருக்கின்றன. அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். ஒரு வளைகாப்புக்கு ஆர்8, அடுத்த பிறந்தநாளுக்கு ஆர்6. அண்ணனிடமே கேட்டு 1டி எக்ஸையும் ஒரு நாள் தோளில் மாட்டிப் பாருங்கள். மூன்று நாள் வேலையில் உங்கள் கை சொல்வதை என் நான்கு பக்கப் பதில் சொல்லிவிட முடியாது.

லென்ஸைப் பற்றி வேகமாக. 85 எம்எம் எஃப் 1.8 பழைய இஎஃப் (கேனனின் கண்ணாடி உள்ள கேமராக்களுக்கான) லென்ஸ் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். அடாப்டர் வழியாக ஆர்8, ஆர்6 இரண்டிலும் நன்றாக ஓடும். கூட்டப் படங்களுக்கு 24-105 எஃப் 4. ஆர்8-உடன் செட்டாகத் தரும் 24-50 வேண்டாம், மண்டப வெளிச்சத்துக்கு அது இருட்டு.

பழையது எதை வாங்கினாலும் பார்க்க வேண்டியவை

1டி எக்ஸில் ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று யார் வாயையும் நம்ப வேண்டியதில்லை. மெனுவில் கேமராவின் நிலையைக் காட்டும் பக்கத்தில் ஆயிரக் கணக்கில் அதுவே காட்டும். 4,00,000 என்பது கம்பெனி சோதித்துச் சொன்ன அளவு; காலாவதித் தேதி மாதிரி எண்ணக்கூடாது. அதற்கு முன்னாலும் போகலாம், ஐந்து லட்சம் தாண்டியும் ஓடலாம். ஆகவே "இன்னும் ரெண்டு லட்சம் ஓடும்" என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. போனால் மாற்ற உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. 2016-லேயே இதற்கு அடுத்த மாடல் வந்துவிட்டது. பணம் கொடுப்பதற்கு முன்னால் சீரியல் எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

சிஎஃப் கார்டு போடும் வாய்க்குள் போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். உள்ளே ஊசி ஊசியாக இரண்டு வரிசை இருக்கும். ஒரு ஊசி சாய்ந்திருந்தாலும் வேண்டாம். அந்தக் கார்டு வகையின் வியாதியே அதுதான். லென்ஸை எஃப் 16-இல் வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்தால் சென்சார் தூசு கரும்புள்ளியாகத் தெரியும். மூடியைப் போட்டு 30 விநாடி எடுத்தால் கெட்டுப்போய்ச் சும்மாவே ஒளிரும் புள்ளிகள் தெரியும். செய்தித்தாளைச் சாய்வாக வைத்து உங்கள் 50 எம்எம்மில் எஃப் 1.8-இல் ஒரு வரியைக் குறிவைத்து எடுங்கள். கூர்மை அந்த வரியில் விழுகிறதா, முன்னே பின்னே போகிறதா என்று தெரிந்துவிடும்.

முன்பின் தெரியாதவரிடம் வாங்கினால் பழைய பில்லைக் கேளுங்கள். பாடியில் உள்ள சீரியல் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றம். சந்தேகப்படும்படி மலிவாக வந்தால் விலகிவிடுங்கள். தெரிந்தவரானாலும் ஒரு வெள்ளைத்தாளில் சீரியல் எண், தொகை, தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பணத்தை வங்கி வழியாகவோ யூபிஐயிலோ கொடுங்கள்.

புதிதாக வாங்கினால் ஜிஎஸ்டி பில்லும் இந்திய வாரண்டியும் இருக்க வேண்டும். பில் இல்லாமல் பத்தாயிரம் குறைவு என்று சொன்னால் அது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்காக இருக்கலாம். பழுதானால் இங்கே வாரண்டி கிடைக்காது. "தொழிலுக்கு வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார், புகார் கொடுக்க முடியாது" என்று யாரோ உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. குறை வந்து கடை கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசுங்கள்.

அம்மாவின் சங்கிலி

வைக்காதீர்கள். இதை உங்கள் அண்ணன் வயதில் இருக்கிற ஒருவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பார்ப்போம். மாதம் மூன்று வேலை, 21,000. அதில் பெட்ரோல், ஆல்பம், உதவியாளர் சம்பளம் போனால் பாதி நிற்குமா? ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியில் கிடையாது. அந்த மாதங்களிலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். சங்கிலி மூழ்கிப்போனால் அதற்கப்புறம் அந்தக் கேமராவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் உங்களுக்கு அதுதான் ஞாபகம் வரும். கேமராவின் விலை வருஷா வருஷம் இறங்கும் பொருள். ஆறு மாதம் தாமதித்தால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை, அநேகமாக விலை குறைந்தே இருக்கும்.

அதனால் 70,000-த்தில் இப்போது 85 எம்எம் லென்ஸ் ஒன்றும், ஒரு நல்ல ஃபிளாஷும், அதைக் கேமராவிலிருந்து தள்ளி வைத்து எரிக்க ஒரு ட்ரிக்கரும் வாங்குங்கள். இவை மூன்றும் 1300டி-யிலேயே வேலை செய்யும், நாளை ஆர்6 வந்தாலும் ஆர்8 வந்தாலும் உடன் வரும். பக்கவாட்டில் வைத்த ஒரு ஃபிளாஷ் உங்கள் படத்தை மாற்றுகிற அளவுக்கு இந்த இரண்டு பாடிகளில் எதுவும் மாற்றாது. மீதிப் பணம் வங்கியில் இருக்கட்டும். ஆவணி முகூர்த்தங்களுக்கு பாடியை வாடகைக்கு எடுங்கள், வாடகையைச் சேர்த்தே வாடிக்கையாளரிடம் விலை சொல்லுங்கள். 7,000 குறைவு என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ரீல்ஸோடு சேர்த்து 10,000 கேட்க உங்களுக்குத் தகுதி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய அந்த வளைகாப்புப் படத்தில், வளையல் அடுக்கும் பாட்டியின் கையைப் பார்த்துத்தான் சொல்கிறேன். தை பிறக்கும்போது ஆர்6-ஓ ஆர்8-ஓ சொந்தப் பணத்தில் வாங்கும் நிலைக்கு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

1டி எக்ஸை எப்போது வாங்கச் சொல்வேன் தெரியுமா? நீங்கள் பள்ளிக்கரணையில் பறவை எடுப்பவராகவோ, மைதானத்தில் கபடி எடுப்பவராகவோ இருந்து, வீடியோ தேவையில்லாமல், நல்ல இஎஃப் லென்ஸ்கள் ஏற்கெனவே கையில் இருந்தால். விநாடிக்கு 12 படம், மின்திரை இல்லாத நேரடிக் கண்ணாடிப் பார்வை, மழைத்தூறலுக்கு அஞ்சாத உடம்பு. அந்த வேலைக்கு அது இன்றும் ராஜா.

அண்ணனிடம் என்ன சொல்வது

அவர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் நினைக்கவில்லை. தன் வாழ்க்கையை நடத்திக்கொடுத்த கேமராவைத் தெரிந்த பெண்ணுக்குக் கொடுக்க நினைக்கிறார். அவருக்கு அது நல்ல மனதுதான். மழுப்பாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள். போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். "அண்ணா, நீங்க கேட்டதே எனக்குப் பெரிய விஷயம். ஆனா எனக்கு வர்ற வேலை எல்லாம் தனியாப் போற வேலை, ரீல்ஸும் கேக்கறாங்க. அதுக்கு இது ஒத்துவராதுன்னு தோணுது. எங்கிட்ட லென்ஸ் செட்டும் இல்ல. உங்ககூட வர்ற கல்யாணத்துல உங்க கேமராவை நான் பிடிக்கறேன்" என்று சொன்னால் போதும். நான்கு வருஷம் உடன் நின்ற கையை ஒரு பாடிக்காக விட்டுவிடுகிறவராக உங்கள் கடிதத்தில் அவர் தெரியவில்லை.

ஒருவேளை அவர் முகம் சுளித்தால், அன்றே எந்த முடிவும் சொல்லாமல் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு முகூர்த்தம் போகட்டும். அவருக்கும் இரண்டாவது கேமராவுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும், சென்னையில் அது சுலபமாகக் கிடைப்பதில்லை. ஸ்டுடியோவுக்குப் போகும்போது உங்கள் 50 எம்எம்மை எடுத்துப் போங்கள். அவர் சம்மதித்தால் அதை 1டி எக்ஸில் மாட்டி, அவரையே ஒரு படம் எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.